ஒட்டும் புரதம் எல்லாமே வில்லன் இல்லை
மருந்தைச் சுமந்துசெல்லும் மிகச்சிறிய நானோ துகள் ரத்தத்தில் இறங்கியதும் அதன்மேல் ஒட்டுகிற புரதங்கள் மருந்தைக் கெடுத்துவிடும் என்று இந்தக் கட்டுரை ஒரேயடியாக அடித்துச் சொல்வது சரியில்லை. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் கொழுப்புத் துகள்மேல் நம் ரத்தத்திலுள்ள அப்போலிப்போபுரதம் ஈ (ApoE) என்ற புரதம் வந்து ஒட்டினால்தான் கல்லீரல் செல் அதை உள்ளே இழுக்கும். எங்கள் அம்மாவுக்கு நாகர்கோவிலில் ஏற்றிய பேக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்துகூட அல்புமின் புரதத்தோடு சேர்த்துச் செய்த வகைதான், துகள் சுமார் 130 நானோமீட்டர். பை பால்போல் வெளுத்திருந்ததைப் பார்த்து, "மருந்து திரிஞ்சு போச்சா மக்களே?" என்று பக்கத்துக் கட்டில் பாட்டி பதறிவிட்டார். மேலே பின்னூட்டத்தில் ஒருவர், துகளுக்கு பெக் (PEG, பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பாலிமர்) பூச்சு போட்டால் எதுவும் ஒட்டாது என்கிறார். குறையும், அவ்வளவுதான். கிளஸ்டரின் என்ற ரத்தப் புரதம் அப்போதும் ஒட்டும். அந்நியப் பொருளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களிடமிருந்து துகள் தப்ப அதுவே உதவுகிறது என்று 2016-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காட்டினார்கள்.