கலிஃபோர்னியா விவாகரத்துத் தீர்ப்பு சாக்ரமெண்டோவில் கிடைக்காது

"கலிஃபோர்னியாவில் எந்த ஆண்டு விவாகரத்து ஆகியிருந்தாலும், சாக்ரமெண்டோ மாநிலப் பதிவு அலுவலகத்துக்கு எழுதினால் தீர்ப்பு நகல் வீட்டுக்கே வரும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் அந்த அலுவலகத்தை நடத்தும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிடம் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான பதிவுகளே உண்டு. அங்கே தருவதும் தீர்ப்பு அல்ல. பெயர்கள், வழக்கு நடந்த கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு), வழக்கு எண் மட்டும் உள்ள ஒரு சான்றுதான். துறையின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம்.

தீர்ப்பு இருப்பது வழக்கு நடந்த கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்டில். திருமணம் நடந்த ஊரில் அல்ல. வழக்கு எண் தெரியாவிட்டால் இருவர் பெயரும் (வழக்கின்போது இருந்த பெயர்), தோராயமான ஆண்டும் கொடுங்கள். தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் 15 டாலர் கட்டணம்.

கேட்கும்போது "எஃப்எல்-180, சான்றளிக்கப்பட்ட நகல்" என்று குறிப்பிட்டே எழுதுங்கள். எஃப்எல்-180 என்பதுதான் தீர்ப்புப் படிவம். எஃப்எல்-190 தீர்ப்பு பதிவானதைச் சொல்லும் வெறும் அறிவிப்புத் தாள். அதை வாங்கிவந்து மறுமணத்துக்கோ விசாவுக்கோ கொடுத்தால் திருப்பி அனுப்பக்கூடும். திருமண பந்தம் முடிந்த தேதி எஃப்எல்-180-இல் இருக்கிறதா, கோர்ட் முத்திரை இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். இந்தியாவில் காட்டவேண்டுமானால் அந்த நகலுக்கு மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அதன் கையெழுத்தையும் முத்திரையையும் உறுதிப்படுத்தும் சான்று) வாங்கவேண்டும். சாக்ரமெண்டோவுக்கு எழுதவேண்டிய வேலை உண்மையில் இதுதான்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.