கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கிழித்தவர்களுக்கும் ஒட்டியவர்களுக்கும்

எங்கள் தெருவில் தண்டலுக்கு, அதாவது தினம் வசூலிக்கும் வட்டிக்குப் பணம் விட்டவர் செத்துப்போனார். அவருக்குச் சிலர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட, சிலர் அதைக் கிழித்துவிட்டார்கள். "தண்டல்காரனுக்கு அஞ்சலியா, வெட்கமாக இல்லையா?" என்று ஒரு கூட்டம். "தெய்வம்யா அந்த மனுஷன்" என்று இன்னொரு கூட்டம். நல்லவரா கெட்டவரா, ஒன்றைச் சொல் என்று என்னைப் பிடித்து உலுக்குகிறார்கள். சொல்ல முடியாது. இரண்டும் அவர்தான்.

பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். தினம் 100 ரூபாய், 100 நாள். ஒரு நாள் தவறினால் வாசலில் நின்று அவர் பேசுவதைத் தெருவே கேட்கும். என் அம்மா கேட்டிருக்கிறாள். கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அதனால் கந்துவட்டி பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2003லேயே தடைச் சட்டம் வந்ததும் தெரியும், 2017ல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே பிள்ளைகளோடு தீக்குளித்ததும் தெரியும்.

அதே ஆள்தான் 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரோடு அடையாற்று வெள்ளம் சென்னை ஜாபர்கான்பேட்டைக்குள் புகுந்த ராத்திரி, கழுத்தளவு வெள்ளத்தில் என் அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். வசூல் நோட்டைப் பால் கவரில் சுற்றிச் சட்டைக்குள் செருகியிருந்தார். அம்மாவை இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காக மறுபடி தண்ணீரில் இறங்கினார். வெள்ளம் வடிந்ததும் அதே நோட்டோடு வசூலுக்கும் வந்தார். இதில் எதை நான் மறைக்க வேண்டும்?

"ஒரு ராத்திரி உதவி அத்தனை வருஷப் பாவத்தைக் கழுவிடுமா?" கழுவாது. கழுவும் என்று நான் எங்கே சொன்னேன்? பாவத்தைச் சொல்லித்தானே ஆரம்பித்தேன்! ஆனால் பாவத்தைக் காட்டி அந்த ராத்திரியை நடக்காததாக ஆக்கவும் விடமாட்டேன். "வட்டிக்காரனுக்கு வக்காலத்து" என்பவர்களுக்குப் பதிலே கிடையாது. அவர் எங்கள் வாசலில் கத்தியபோது நீங்கள் ஒருத்தர்கூட வெளியே வரவில்லை.

அந்த வெள்ள ராத்திரியில் மூன்று மாடி வீட்டுக்காரர் ஒருவர் கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டு, மொட்டைமாடியிலிருந்து டார்ச் அடித்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டோம். டார்ச்சை அணைத்துவிட்டார். வட்டிக்கு விட்டவரில்லை, யாரையும் ஒரு கெட்ட வார்த்தை பேசியவரில்லை. தெருவில் இன்றும் அவர்தான் நல்ல மனிதர். அவரைப் பற்றி ஏன் யாருமே கேட்பதில்லை? நல்லவர் கெட்டவர் என்று பிரித்துக் கொடுக்கும் வேலையை யார் உங்களுக்குக் கொடுத்தது?

நேற்று அம்மா சாவு வீட்டுக்குப் போய் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். திரும்பி வராத கம்மலை அவள் மறக்கவில்லை. ஏன் போனாய் என்று கேட்கத் தைரியமுள்ளவர்கள் என்னிடம் வராதீர்கள். அவள் வீட்டில்தான் இருக்கிறாள், நேரே போய்க் கேளுங்கள்.