கென்ட் பீட ஓவியத்தைக் காத்தவர்களும் விற்றவர்களும்

போரையும் கொள்ளையையும் தாண்டி வந்த கலைப்படைப்புகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், உன்னதமான கலைக்கு அழிவே கிடையாது என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெல்ஜியத்தின் கென்ட் நகரில், புனித பாவோ பேராலயத்தில் இருக்கும் பீட ஓவியத்தின், அதாவது வழிபாட்டுப் பீடத்துக்கென்று செய்யப்பட்ட பல பலகை ஓவியத்தின், கதையை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். அது இன்றுவரை இருப்பதற்குக் காரணம், நெருக்கடி வந்தபோதெல்லாம் யாரோ சிலர் துணிந்து அதைத் தூக்கி ஒளித்துவைத்ததுதான். அதே ஓவியத்துக்கு நேர்ந்த கேடுகளில் சிலவற்றைச் செய்தவர்கள், அதைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்கள். இந்த இரண்டாவது செய்தியை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து.

அண்ணன் ஹூபர்ட் வான் ஐக் தொடங்கி, தம்பி யான் வான் ஐக் 1432இல் முடித்த படைப்பு இது. ஓக் மரப்பலகைகளில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. இருபுறச் சிறகுகளையும் கதவுபோல் மூடித் திறக்கலாம். திறந்தால் நடுவில், பீடத்தின்மீது நிற்கும், இயேசுவைக் குறிக்கும் செம்மறியின் மார்பிலிருந்து குருதி பீறிட்டு ஒரு கிண்ணத்தில் விழுகிறது. சுற்றிலும் வானதூதர்கள், அவர்களுக்கும் அப்பால் திரள்திரளாக வழிபட வரும் மக்கள். 1566இல் கத்தோலிக்கப் படிமங்களை உடைக்கக் கூட்டம் புகுந்தபோது, பலகைகளைக் கழற்றிக் கோபுரத்துக்குள் ஏற்றி ஒளித்தார்கள். 1794இல் பிரெஞ்சுப் படை நடுப்பலகைகளைப் பாரிசுக்குக் கொண்டுபோயிற்று. நெப்போலியன் வீழ்ந்தபின் 1815இல் அவை திரும்பி வந்தன.

திரும்பி வந்த மறு ஆண்டே, 1816இல், மறைமாவட்ட நிர்வாகம் சிறகுப் பலகைகளில் ஆறினை ஒரு கலைப்பொருள் வணிகரிடம் விற்றுவிட்டது. எந்தப் படையும் வாசலில் நிற்கவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. அவை கைமாறி, 1821இல் பிரஷ்ய அரசரின் உடைமையாகிப் பெர்லினில் போய்ச் சேர்ந்தன. ஆதாமும் ஏவாளும் ஆடையின்றி நிற்கிறார்கள் என்று கூச்சப்பட்டு முன்பே ஒதுக்கிவைத்திருந்த இரண்டு பலகைகளும் 1861இல் பெல்ஜிய அரசிடம் போயின. பேராலயத்தில் அவற்றுக்குப் பதிலாக ஆடை போர்த்திய ஆதாம், ஏவாளின் படங்கள் வைக்கப்பட்டன. பெர்லினிலோ, இருபக்கமும் ஓவியம் கொண்ட பலகைகளை ஒரே நேரத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதற்காக, 1894இல் அவற்றின் தடிமனை இரண்டாக அறுத்தார்கள். விற்றவர்களும் அறுத்தவர்களும் கலையை வெறுத்தவர்கள் அல்லர் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. முதல் உலகப் போருக்குப் பின், வெர்சாய் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு விதி எழுதித்தான் அந்தச் சிறகுகளை மீட்க முடிந்தது. 1920இல் அவை ஊர் திரும்பின.

இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காகப் பிரான்சின் தென்மேற்கிலுள்ள போ நகருக்கு ஓவியம் அனுப்பப்பட்டது. பெல்ஜியத்தின் சம்மதம் இல்லாமலே, ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு 1942இல் அதை ஜெர்மானியர்களிடம் ஒப்படைத்தது. கடைசியில் அது ஆஸ்திரியாவின் ஆல்டவுஸ்ஸே உப்புச் சுரங்கத்துக்குப் போயிற்று. மலைக்குள் குளிரும் ஈரப்பதமும் அதிகம் ஏறி இறங்குவதில்லை என்பதால், ஐரோப்பாவெங்கும் கொள்ளையடித்த ஓவியங்களில் 6,500க்கும் மேற்பட்டவற்றை நாஜிகள் அங்கே குவித்திருந்தார்கள். மைக்கேலாஞ்சலோ செதுக்கிய புரூஜ் மாதா சிலையும் அவற்றோடு இருந்தது.

தோல்வி உறுதியான 1945 ஏப்ரலில், அந்தப் பகுதியின் நாஜித் தலைவர் ஆகுஸ்ட் ஐக்ரூபரின் ஆணைப்படி எட்டுப் பெட்டிகள் சுரங்கத்துக்குள் இறக்கப்பட்டன. "கவனம், பளிங்கு, கவிழ்க்காதீர்" என்று அவற்றின்மீது எழுதியிருந்தது. ஒவ்வொன்றினுள்ளும் 500 கிலோ எடையுள்ள வெடிகுண்டு இருந்தது. எதிரி கைக்குப் போவதைவிட எல்லாம் அழியட்டும் என்பது அவருடைய எண்ணம். விஷயம் தெரிந்த சுரங்கத் தொழிலாளர்களும் அதிகாரிகளும், மேலிடத்தில் செல்வாக்குள்ள ஒருவரின் இசைவையும் பெற்று, மே மாதத் தொடக்கத்தில் ஓர் இரவில் பெட்டிகளை வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு சுரங்க வாயில்களைத் தாங்களே வெடிவைத்து மூடி, உள்ளே எவரும் நுழைய முடியாதபடி செய்தார்கள். மே 8 அன்று அமெரிக்கப் படை வந்து சேர்ந்தது. இந்தச் செயலுக்கு உரிமை கொண்டாடப் போருக்குப் பின் பலர் போட்டியிட்டார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குச் சுரங்கம்தான் பிழைப்பு. அதைக் காக்கும் எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. அதனால் அவர்கள் செய்ததன் மதிப்பு எள்ளளவும் குறையாது என்றே நான் நினைக்கிறேன். ஓவியம் அந்த ஆகஸ்டில் விமானத்தில் பிரசெல்சுக்கு வந்தது.

2012இல் தொடங்கிய சீரமைப்புப் பணியில், நுண்ணோக்கி வழியே பார்த்தபடி, அறுவைக் கத்தியால் பிற்காலப் பூச்சை இம்மி இம்மியாக அகற்றினார்கள். செம்மறியின் தலைமீது பதினாறாம் நூற்றாண்டில் வேறொரு தலை தீட்டப்பட்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் நடந்த சுத்திகரிப்பில் பழைய காதுகள் வெளிப்பட்டதால், செம்மறி நெடுங்காலம் நான்கு காதுகளோடு நின்றது. மேற்பூச்சு முழுவதும் நீங்கியபோது, நேருக்கு நேர் நம்மைப் பார்க்கும், மனிதச் சாயல் கொண்ட கண்கள் தெரிந்தன. சமூக வலைத்தளங்களில் அந்த முகத்தைப் பலர் கேலி செய்தார்கள். வான் ஐக் அப்படித்தான் வரைந்தார். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மீண்டும் மூட நமக்கு உரிமை இல்லை.

ஒரு பலகை மட்டும் இன்றுவரை வரவில்லை. 1934 ஏப்ரலில் ஓர் இரவு, நீதிபதிகள் குதிரைகளில் வருவதைக் காட்டும் பலகையும் திருமுழுக்கு யோவான் பலகையும் பேராலயத்திலிருந்து திருடப்பட்டன. பத்து லட்சம் பிராங்க் கேட்டு மிரட்டிய திருடன், தன்னிடம்தான் இருக்கின்றன என்று காட்ட யோவானை மட்டும் திருப்பித் தந்தான். அதே ஆண்டு நவம்பரில், ஆர்சென் குடெர்டியே என்ற பங்குத் தரகர், மற்றது இருக்கும் இடம் தனக்கு மட்டுமே தெரியும் என்று மரணப் படுக்கையில் தம் வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டு, இடத்தைச் சொல்லாமலே இறந்தார். இப்போது அங்கே இருப்பது யெஃப் வான் டெர் வேக்கன் என்ற ஓவியர் தீட்டிய நகல். அதில் ஒரு நீதிபதிக்கு அன்றைய பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டின் முகச்சாயலை அவர் தந்திருக்கிறார். நகல் இருப்பதே நல்லது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இடைவெளி விட்டால் ஓவியத்தின் ஒருமை கெடும் என்பது அவர்களுடைய நியாயம். ஆனால் அந்தப் பலகை இருந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. கென்ட் காவல்துறை அந்தத் திருட்டு வழக்கின் கோப்பை இன்னும் மூடவில்லை; பார்க்க வருகிறவர்களின் கண்ணில் அது மூடாத வழக்காகவே படட்டும்.