1981-லிருந்து வாடகைக் கப்பல்தான்

"ஏன் மாப்ள, இங்க ரோடு போடக் காசில்லை, அண்டார்டிகாவுல 2,000 கோடிக்கு வீடு கட்டுறாங்களாமே?" ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் மச்சான் கேட்டார். அண்டார்டிகாவில் இருக்கும் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையமான மைத்ரிக்குப் பதிலாக மைத்ரி-2 கட்டப் போகிற செய்தியைப் பார்த்திருக்கிறார்.

எனக்கும் கோபம் உண்டு. ஆனால் வீட்டின் மேல் இல்லை. மைத்ரி 1989-ல் கட்டியது. அதற்கு முன்னால் இருந்த தட்சிண கங்கோத்ரியைப் பனித்தட்டின் மேலேயே கட்டியதால், சில வருஷத்தில் அது பனிக்குள் புதைந்தே போனது. அந்தப் பாடத்தில்தான் மைத்ரியைப் பாறை மேல் கட்டினார்கள். 35 வருஷத்துக்கு மேல் அண்டார்டிகக் குளிரைத் தாங்கிய கட்டடத்தை மாற்றுவது ஆடம்பரம் இல்லை.

என் ஆத்திரமெல்லாம் கப்பல் விஷயத்தில்தான். 1981 டிசம்பரில் கடல் விஞ்ஞானி காசிம் தலைமையில் அண்டார்டிகாவுக்கு நம் முதல் குழு கோவாவிலிருந்து கிளம்பியபோது போனது நார்வேக்காரர்களின் வாடகைக் கப்பலில். இன்றைக்கும் வாடகைக் கப்பல்தான்! சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் 'சாகர் நிதி' தென்பெருங்கடல் வரை போய் வந்திருக்கிறது. ஆனால் அது பனியை உடைத்துக்கொண்டு போகிற கப்பல் அல்ல.

வாடகைக் கப்பல் கோடைக்குத்தான் வரும். மைத்ரிக்கும், அங்கே நமக்கிருக்கும் இன்னொரு நிலையமான பாரதிக்கும் நடுவில் சுமார் 3,000 கிலோமீட்டர். இரண்டு இடத்துக்கும் டீசல், அரிசி பருப்பு, ஆட்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் பனி இறுகுவதற்குள் திரும்ப வேண்டும். கடல் ஆராய்ச்சிக்கு மிச்சம் மீதி நாட்கள்தான். சரக்கு லாரியில் ஏறிக்கொண்டு போகிற வழியில் ஆராய்ச்சி செய்கிற மாதிரி.

சொந்தக் கப்பலுக்கு 2014-லேயே 1,051 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டெண்டர் விட்டார்கள். டெண்டரில் இல்லாத நிபந்தனைகளைக் கப்பல் கட்டும் நிறுவனம் கேட்டதால் கைவிட்டதாக 2023-ல் அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அப்போது சொன்ன மதிப்பு 2,600 கோடி! இடையில் ஒரு தகடு கூட வெட்டவில்லை, விலை மட்டும் இரண்டரை மடங்கு. மச்சான் கேட்க வேண்டிய கணக்கு இது.

நிதி ஒதுக்குகிற வேகமும் அப்படித்தான். துருவ ஆராய்ச்சியும் அடங்கிய 'பிருத்வி' திட்டம் 2021 முதல் 2026 வரைக்கானது, 4,797 கோடி. அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 ஜனவரியில். பழைய திட்டங்களின் பெயரில் பணம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும், சரி. ஆனாலும் பாதி மேட்ச் முடிந்த பிறகு டாஸ் போட்ட கதைதான்.

2025 ஜூனில் கொல்கத்தாவின் கப்பல் கட்டும் நிறுவனமான ஜிஆர்எஸ்இ இந்தக் கப்பலுக்காக நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. போட்டோவெல்லாம் வந்தது. எனக்கு போட்டோ வேண்டாம். அடுத்த பட்ஜெட்டில் அந்தக் கப்பலுக்கென்று தனியாக எவ்வளவு என்று ஒரு வரி இருக்கிறதா என்றுதான் தேடப் போகிறேன்.