கிளவுட் வரட்டும், கைவேலை தெரிந்தவனும் இருக்கட்டும்

டெல்லி விமான நிலையத்தில் 2025 நவம்பர் 7 அன்று கணினி அமைப்பு ஒன்று பழுதாகி விமானங்கள் தாமதமானதைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். நான் எழுதுவதாகவே இல்லை. நேற்று இங்கே பகிரப்பட்ட ஒரு பதிவின் கடைசி வரிதான் தூங்கவிடவில்லை: "எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றினால் முடிந்தது. பழைய ஆட்களை வைத்துக்கொண்டால் இப்படித்தான்." கிளவுட் என்பது இணையம் வழியே பயன்படுத்தும், வேறெங்கோ இருக்கும் கணினிகள்.

அந்தப் பழைய ஆட்களில் நானும் ஒருவன். இருபத்தொன்பது ஆண்டுகள் விமான நிலையத் தகவல் தொடர்பு அறையில் உட்கார்ந்தவன்.

அன்று பழுதானது ஏ.எம்.எஸ்.எஸ். என்கிற செய்தி மாற்று அமைப்பு. ஃபிளைட் பிளானை, அதாவது விமானத்தின் பயணத் திட்டத்தை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் திரைக்குத் தானாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. அது படுத்ததும் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. ஆனாலும் விமானங்கள் ஏறின, இறங்கின. எப்படி? பிளான்களை மனிதர்கள் கையால் பதிந்தார்கள். அந்தக் கைகளைத்தான் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள்.

கிளவுட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறக்கும் விமானம் தரைக்கு அனுப்பும் ஏகார்ஸ் என்கிற குறுஞ்செய்திகளையும் இன்ஜின் விவரங்களையும் வானிலையையும் தாராளமாக அங்கே வையுங்கள். ஓர் இடம் விழுந்தால் இன்னோர் இடம் தாங்கும் என்பதும் உண்மை. ஆனால் கிளவுட் ஒன்றும் ஆகாயத்தில் இல்லை. அதுவும் எங்கோ ஒரு கட்டடம், கம்பி, மின்சாரம். 2025 அக்டோபர் 20 அன்று வடக்கு வர்ஜீனியாவில் அமேசான் கிளவுடில் ஏற்பட்ட ஒரு கோளாறு எத்தனை நாடுகளில் செயலிகளை முடக்கியது! 2024 ஜூலை 19 அன்று ஒரே ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் 85 லட்சம் கணினிகள் சுருண்டன. நம் நாட்டிலேயே போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றும் கைதான்.

கம்பி வழியே செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்பும் டெலிபிரிண்டர் காலத்து மழை இரவு ஒன்று. வடக்கே போகும் லைன் செத்துவிட்டது. செய்திகளைத் துளைகளாகப் பதிந்த ஐந்து துளைக் காகித நாடாக்கள் ஆணியில் குவிகின்றன. நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடும் மூத்தவர், எஃப்.எஃப். குறியிட்ட விமானப் பாதுகாப்புச் செய்திகளை மட்டும் தனியே பிரித்தார். தொலைபேசியை எடுத்து, அடுத்த நிலையத்துக்கு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அவர்கள் திருப்பிப் படிக்க, நான் சரிபார்த்துக் கோடு போட்டேன். விடிந்தபோது ரிசீவர் அழுத்திய காது சிவந்து வீங்கியிருந்தது. ஒரு செய்தி விடுபடவில்லை.

"அப்போது நாலு விமானம், இன்று டெல்லியில் மட்டும் தினம் 1,500" என்பீர்கள். தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: இயந்திரம் நின்றால் வேகத்தைக் குறைத்து, பத்திரமாக ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாக வேண்டும். அன்று தாமதம்தான் வந்தது, விபத்து வரவில்லை. "அத்தனை பேருக்குச் சம்பளம் யார் தருவது" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. அவர்கள் ஒருமுறை அந்த அறையில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வரட்டும்.

கட்டுப்பாட்டாளர் சங்கம் 2025 ஜூலையிலேயே எச்சரித்ததாகச் செய்தி வந்ததே, படித்தீர்களா? சொன்னவர்களை யாரும் கேட்கவில்லை. பழுதானதும் பழி மட்டும் அவர்களுக்கு.

இணைப்பு அறுந்தால் யாரை எந்த எண்ணில் அழைப்பது, எதை முதலில் அனுப்புவது என்றெல்லாம் அண்ணாச்சி ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்திருந்தார். அறை முழுக்கக் கணினிமயமானபோது அது பழைய காகிதங்களோடு எடைக்குப் போனது. "இனி தேவையில்லை" என்ற பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை ஒருமுறை கேட்டு வாங்கி, அட்டையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.