படத்தின் அருகில் ஒரு குரல்

ஒளிப்படத்துக்குப் பக்கத்தில் எழுத்து வந்துவிட்டால் அந்தப் படத்துக்குத் தனித்து நிற்க வலுவில்லை என்று நம்மில் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அமெரிக்கக் கறுப்பின ஒளிப்படக் கலைஞர் கேரி மே வீம்ஸின் படங்களைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கை என்னிடம் தங்கவில்லை.

ஏற்கெனவே ஒளிப்படக் கலைஞராக இருந்த வீம்ஸ், 1980களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் படித்தார். அவரை ஆழமாகப் பாதித்தவர்களுள் ஒருவர் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். மானுடவியல் கற்ற ஹர்ஸ்டன், நாட்டார் கதை சேகரிக்கத் தாம் வளர்ந்த, ஃபுளோரிடாவின் ஈட்டன்வில் ஊருக்கே திரும்பிப் போய், கடைத் திண்ணையில் கூடியவர்களின் பேச்சை அவர்களுடைய வழக்கிலேயே எழுதி, 1935இல் நூலாக்கினார். வீம்ஸ் அந்தக் கதைகளுக்குப் படம் போடவில்லை. அந்தச் செவியைத் தமதாக்கிக்கொண்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் அவர் ஜார்ஜியா, தென் கரோலினா கரையோரத் தீவுகளுக்குச் சென்றார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த குல்லா மக்கள், முன்னோரின் பேச்சையும் நம்பிக்கைகளையும் காத்துவரும் இடம் அது. அங்கே செயின்ட் சைமன்ஸ் தீவில், 1803இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இக்போ மக்கள் சிலர் அடிமை வாழ்வை ஏற்க மறுத்து நீருக்குள் இறங்கி உயிர்விட்டனர். 'நீர்தான் எங்களைக் கொண்டுவந்தது, நீரே எங்களைக் கொண்டுபோகும்' என்று பாடிக்கொண்டே போனார்கள் என்கிறது வாய்வழிக் கதை. இன்று அங்கே மரங்களும் சதுப்பும்தான் இருக்கின்றன. எவ்வளவு தேர்ந்த கண்ணாலும் அந்த மரணத்தை அங்கே காண முடியாது. வீம்ஸ் அவ்விடத்தின் இரு படங்களோடு அந்தக் கதையையும் வைத்தார். படித்துவிட்டு மீண்டும் பார்த்தபோது, அதே நீரை என்னால் வெறும் நீராகப் பார்க்க முடியவில்லை.

ஹர்ஸ்டன் 1960இல் இறந்தபோது அவர் புதைக்கப்பட்ட இடத்திலும் ஓர் அடையாளமும் இல்லை; எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1973இல் தேடிப்போய்க் கல் நட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், கறுப்பினக் குடும்பங்களைச் சிதைந்தவை என்று சித்திரித்த 1965ஆம் ஆண்டு அரசு அறிக்கைக்கு மறுமொழியாக, வீம்ஸ் தம் உறவினர்களைப் படமெடுத்தார். அந்தப் படங்களோடு அவர்களின் பேச்சையும் ஒலிப்பதிவு செய்து கேட்கவைத்தார்.