டாட்டூ போட்டால் ரத்தம் கொடுக்கவே முடியாதா?

48 வயதில் முதல் டாட்டூ போடலாமா என்று ஓர் அண்ணா கேட்டிருந்தார். அதற்கு, "நாற்பத்தைந்து வயதுக்கு மேல் டாட்டூ போட்டால் அப்புறம் ஆயுளுக்கும் ரத்த தானம் செய்ய முடியாது" என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார், அது தவறு. இந்தியாவில் தேசிய ரத்தப் பரிமாற்றக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, பச்சை குத்திய நாளிலிருந்து 12 மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி சுத்தமாக இல்லாவிட்டால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி தொற்றலாம் என்பதால்தான் அந்த இடைவெளி. அந்த இடைவெளிக்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. ரத்தம் 65 வயது வரை கொடுக்கலாம், முதல் முறை கொடுப்பவர் மட்டும் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. நம் பாட்டிமார் கையில் இல்லாத பச்சையா? 48 வயதில் முதல் டாட்டூவா என்று கேட்ட அண்ணா, இதற்காகத் தயங்காதீர்கள். டாட்டூ போடுவதற்கு முன், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால் டாக்டரிடம் கேளுங்கள், புது ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள்.